கலிங்கத்தின் கண்ணீரும் அசோகச் சக்கரவர்த்தியும்

போரில் வென்ற மன்னர்களின் பெயர்கள் சரித்திர ஏடுகளில் மலிந்து கிடக்கின்றன. வென்ற பின்னர் வருந்திய மன்னர்களின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது மிக அரிது. அங்ஙனம் வருந்தியதோடு நில்லாமல், தம் வருத்தத்தைத் தாமே கல்லில் வெட்டுவித்து, தம் குடிகளும் பின்வரும் தலைமுறைகளும் வாசிக்குமாறு நிறுத்திய பெருந்தகை மௌரிய குலத்து அசோகச் சக்கரவர்த்தி ஆவார். திரிசரணம் புகுந்த நாம் ஆண்டுதோறும் அவரை நினைவு கூர்கின்றோம். அவரது அறச் சக்கரத்தைக் கொடியில் காண்கின்றோம். எனினும் அவர் வாழ்க்கையில் நாம் கற்க வேண்டிய முதன்மையான பாடம் ஒன்று பெரும்பாலும் சொல்லப்படாமலே போகின்றது. போரினால் உடைந்த மக்களின் மனத்தைச் சீர்செய்ய ஓர் அரசு யாது செய்ய வேண்டும் என்பதே அப்பாடம்.

மைசூர் ராமாபுரத்தில் பௌர்ணமி நாட்களில் நாம் கூடும்பொழுது, இளைஞர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்பதுண்டு. இலட்சம் உயிர்களைப் பறித்த ஒருவரை அகிம்சா தர்மத்தைப் பின்பற்றும் நாம் ஏன் போற்ற வேண்டும் என்பது ஒன்று. இலங்கையில் பௌத்தத்தைப் போற்றும் அரசு நடத்திய யுத்தத்தில் நம் இனத்தார் பட்ட துயரை அறிந்த பின்னரும் தமிழர் எவ்வாறு பௌத்தராய் இருத்தல் கூடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தட்டிக் கழிக்கத்தக்க கேள்விகள் அல்ல. அசோகரின் சரித்திரத்தை உள்ளவாறு கூறுவதே இரண்டிற்கும் நாம் தரக்கூடிய விடையாகும்.

பிறப்பும் முடிசூட்டும்

அசோகர் மௌரியப் பேரரசை நிறுவிய சந்திரகுப்தரின் பேரர், பிந்துசாரரின் மைந்தர். பாட்டனாராகிய சந்திரகுப்தர் தம் இறுதிக் காலத்தில் அரசைத் துறந்து, சமண முனிவராய் நம் கன்னட நாட்டுச் சிரவணபெளகொளவுக்கு வந்து நோன்பிருந்து உயிர் நீத்தார் என்பது சமணர் மரபு. பேரரசை ஆண்ட பாட்டனார் துறவியாய் மறைந்தார் என்று வழங்கும் அக்குலத்திலேதான் நம் சக்கரவர்த்தி தோன்றினார்.

இளவரசராய் இருந்த காலத்தில் அசோகர் உஜ்ஜயினியில் அரசப் பிரதிநிதியாக இருந்தார் என்று இலங்கை நூல்கள் கூறும். விதிசை நகரத்து வணிகர் மகளாகிய தேவி என்னும் பெருமாட்டியை அவர் மணந்ததும், மகிந்தர், சங்கமித்திரை என்னும் மக்கள் பிறந்ததும் அக்காலத்தே என்பர். தந்தை மறைந்தபின் அரியணைக்காகச் சகோதரர்களுக்கிடையே போட்டி மூண்டது. தொண்ணூற்றொன்பது சகோதரர்களைக் கொன்றார் என்று பழைய நூல்கள் பெருக்கிக் கூறுகின்றன. ஆயினும் அவருடைய கல்வெட்டு ஒன்றிலேயே சகோதரர், சகோதரிகளின் இல்லங்களைப் பற்றிய செய்தி வருதலால், அத்தொகை மிகைபடக் கூறியதே எனல் வேண்டும். கி.மு. 268-ஆம் ஆண்டளவில் அவர் முடிசூட்டிக் கொண்டார் என்று ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர்.

மகாவம்சம் கூறும் வரலாறு ஒன்று நம்மவர் அனைவரும் அறிய வேண்டியதாகும். அரியணைப் போரில் மாண்ட மூத்த சகோதரர் சுமனர் என்பவரின் மனைவி கருவுற்றிருந்தாள். உயிருக்கு அஞ்சி நகரத்தை விட்டு ஓடிய அவளுக்கு அடைக்கலம் கொடுத்தது மாளிகையும் அன்று, மடமும் அன்று. சண்டாளர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் சேரியே அவளுக்குப் புகலிடம் ஆயிற்று. அச்சேரித் தலைவன் அவளை ஏழாண்டு பேணிக் காத்தான். ஆலமரத்தடியில் பிறந்த அம்மகவே நிக்குரோதர் என்னும் இளந்துறவியாகிப் பின்னாளில் அசோகரின் அரண்மனை வீதியில் நடந்தார். அவர் முகத்து அமைதி கண்டு மன்னர் அழைக்க, அரியணையில் அமர்ந்து தர்மம் போதித்தார். தன் தந்தையைக் கொன்றவனுக்கே அறம் உரைத்த அப்பிள்ளையை வளர்த்தது ஊருக்குப் புறம்பே வாழ்ந்த ஏழைகளின் கை. இஃது எவ்வளவு சரித்திரம், எவ்வளவு புனைவு என்று ஆராய்வது ஒருபுறம் இருக்க, காயம்பட்டோரைக் காக்கும் கருணை எங்கிருந்து வரும் என்பதை அந்நூலாசிரியர் நன்கு அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

கலிங்கப் போர்

முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்தபின், கி.மு. 261-ஆம் ஆண்டளவில், அசோகர் கலிங்கத்தின் மேல் படையெடுத்தார். இக்காலத்து ஒடிசா மாநிலத்தின் கடற்கரைப் பகுதியே அந்நாடு. கடல் வாணிபமும், தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழியும் அந்நாட்டின் கையில் இருந்தன. போர் எப்படி நடந்தது, எத்தனை நாள் நீடித்தது, எதிர்த்த மன்னன் யார் என்ற விவரங்களுள் எதனையும் அசோகர் தம் கல்வெட்டில் சொல்லவில்லை. மற்ற மன்னர்கள் எழுதுவிக்கும் வீரச் செயல்களுள் ஒன்றேனும் அதில் இல்லை. அவர் எழுதியவை மூன்று தொகைகள். 1,50,000 பேர் அந்நாட்டினின்றும் பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டனர். 1,00,000 பேர் அங்கே கொல்லப்பட்டனர். அதனினும் பன்மடங்கானோர் வேறு வகையில் மாண்டனர்.

இந்த மூன்றாவது தொகையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வாளால் வெட்டுண்டவரை மட்டும் கணக்கிடுவது மன்னர் வழக்கம். போரை ஒட்டி வரும் பசி, நோய், இடப்பெயர்ச்சி ஆகியவற்றால் மாண்டோரை வென்றவர் எவரும் தம் கணக்கில் சேர்ப்பதில்லை. அசோகர் அவர்களையும் தம் பொறுப்பில் ஏற்றுக் கொண்டார்.

அதற்கும் மேலாக ஒன்று சொன்னார். அந்நாட்டில் பிராமணரும், சிரமணரும், வேறு சமயத்தாரும், இல்லறத்தாரும் வாழ்கின்றனர். அவர்கள் பெற்றோர்க்கும் மூத்தோர்க்கும் ஆசிரியர்க்கும் அடங்கி, நண்பரிடத்தும் உறவினரிடத்தும் பணியாளரிடத்தும் நேர்மையாய் நடப்பவர்கள். அத்தகையோர்க்குக் காயமும் மரணமும் அன்புடையோரைப் பிரிதலும் நேர்ந்தன என்று வருந்தினார். தமக்கு நேரடியாகத் தீங்கு நேராதவர்களும், தம் நண்பர்க்கும் சுற்றத்தார்க்கும் நேர்ந்த துயரத்தைக் கண்டு துயருறுகின்றனர் என்றும், அத்துயரும் அவர்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கே என்றும் எழுதுவித்தார். உடலில் வடு இல்லாதவர் நெஞ்சிலும் போர் வடு இடும் என்பதை இக்காலத்து மனநோய் மருத்துவர் விரிவாக ஆராய்ந்து கூறுகின்றனர். ஏறத்தாழ 2,280 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு மன்னர் அதனைப் பாறையில் பொறித்து வைத்தார். அன்று மாண்டவர்களில் நூற்றிலொரு பங்கினர், ஆயிரத்திலொரு பங்கினர் இன்று துயருறினும் தமக்கு அது பெருந்துயரமே என்று முடித்தார்.

மனமாற்றம் ஒரு நாளில் விளைந்ததன்று

போர்க்களத்தில் பிணங்களைக் கண்ட அக்கணமே வாளை எறிந்து பௌத்தரானார் என்று நாடகங்களில் காட்டுவர். அவர் தம்மைப் பற்றிச் சொன்னது அவ்வாறன்று. நம் மாநிலத்தில் சித்திரதுர்க்க மாவட்டத்திலுள்ள பிரம்மகிரிப் பாறையில் அவருடைய சிறு கல்வெட்டு இருக்கின்றது. அருகே சித்தாபுரத்திலும், சடிங்க ராமேசுவர மலையிலும் அதன் படிகள் உள்ளன. பழைய மைசூர் அரசின் தொல்பொருள் ஆய்வாளர் லூயிஸ் ரைஸ் என்பவர் 1892-இல் இவற்றை உலகிற்கு அறிவித்தார். தாம் உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்றும், முதல் ஓராண்டில் போதிய முயற்சி செய்யவில்லை என்றும், பின்னர்ச் சங்கத்தை அணுகிய பிறகே ஊக்கத்துடன் முயன்றதாகவும் சக்கரவர்த்தி அதில் கூறுகின்றார். முயற்சியினால் ஏழையும் மேலான நிலையை அடையலாம், பெரியோர்க்கு மட்டும் உரியதன்று என்பதும் அதன் கருத்து.

புதிதாய்த் தர்மம் ஏற்ற நம்மவர்க்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை. பேரரசருக்கே ஓராண்டு வீணாயிற்று. தீங்கு செய்த மனம் திருந்துவதற்குக் காலம் வேண்டும். தீங்கு பட்ட மனம் ஆறுவதற்கு அதனினும் அதிகக் காலம் வேண்டும்.

கலிங்கத்துக்கு அவர் செய்தது

இனி நம் சரித்திரத்தின் முதன்மையான பகுதிக்கு வருகின்றோம். அசோகர் தம் பதினான்கு பெருங்கல்வெட்டுகளைப் பேரரசின் பல எல்லைகளிலும் பொறிப்பித்தார். கலிங்கப் போரைக் குறித்து வருந்துவது பதின்மூன்றாவது. அது வடமேற்கே சாபாஸ்கடியிலும் மான்செராவிலும், இமய அடிவாரத்துக் கால்சியிலும், மேற்கே கிர்நாரிலும், தெற்கே ஆந்திரத்து எர்ரகுடியிலும் உள்ளது. கந்தகாரில் கிரேக்க மொழியிலும் அதன் ஒரு பகுதி கிடைத்திருக்கின்றது. ஆனால் கலிங்கத்திலேயே, தயா நதிக்கு அருகிலுள்ள தௌலியிலும், கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் உள்ள பாறைகளில் பதின்மூன்றாவது கல்வெட்டு இல்லை. பதினொன்றும் பன்னிரண்டும் கூட அங்கே விடப்பட்டுள்ளன. அவற்றுக்குப் பதிலாகக் கலிங்கத்திற்கென்றே இரண்டு தனிக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன.

அவை தோசலி, சமாபா என்னும் நகரங்களில் இருந்த அதிகாரிகளுக்கு இடப்பட்ட ஆணைகள். அவற்றின் சாரம் இது: மக்கள் அனைவரும் தம் குழந்தைகள், தம் குழந்தைகளுக்கு இம்மையிலும் மறுமையிலும் எந்நலம் வேண்டுமென்று விரும்புகின்றாரோ அந்நலத்தையே எல்லோர்க்கும் விரும்புகின்றார். பல்லாயிரம் உயிர்கள் அதிகாரிகளின் பொறுப்பில் உள்ளன. காரணமின்றி ஒருவனைச் சிறையிலடைப்பதும் துன்புறுத்துவதும் நிகழ்கின்றன. அவனோடு வேறு பலரும் துயருறுகின்றனர். ஆகவே அதிகாரிகள் நடுநிலையில் நிற்க வேண்டும். பொறாமை, சினம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், அயர்வு இவற்றுள் ஒன்றுடையவனாலும் நடுநிலையில் நிற்க இயலாது. இவ்வாணையைப் பூச நட்சத்திரம் கூடும் நாள்தோறும் எல்லோரும் கேட்க வாசித்தல் வேண்டும். இடையிலும், கேட்பவன் ஒருவனே ஆயினும், வாசிக்கலாம். இவை முறையாக நடைபெறுகின்றனவா என்று பார்க்கக் கடுமையும் கொடுமையும் இல்லாத அதிகாரியை ஐந்தாண்டிற்கு ஒருமுறை சுற்றுப் பயணம் அனுப்புவதாகவும் அரசர் உறுதி கூறினார்.

இரண்டாவது தனிக் கல்வெட்டு, வெல்லப்படாது எல்லையில் வாழ்வோரைப் பற்றியது. அவர்கள் தம்மைக் கண்டு அஞ்ச வேண்டா; தம்மிடம் இருந்து துன்பத்தை அன்று, இன்பத்தையே பெறுவர்; பொறுக்கத் தக்கதைப் பொறுப்பார்; தந்தையைப் போல் நம்பலாம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு அதிகாரிகளைப் பணித்தார்.

தம் குற்றத்தை ஊரெங்கும் அறிவித்தவர் குற்றம் நிகழ்ந்த இடத்தில் மட்டும் அதனை ஏன் அறிவிக்கவில்லை? ஆராய்ச்சியாளர் பலவாறு உரைப்பர். அவமானத்தால் என்பர் சிலர். பழைய பகையைக் கிளறலாகாது என்ற அரசியல் விவேகத்தால் என்பர் சிலர். நாம் கருதுவது வேறு. கலிங்கத்துத் தாய்க்குத் தன் மகன் மாண்டதைக் கல்லில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, அவள் அறிவாள். அதை அறியாதவர் மகதத்திலும், உஜ்ஜயினியிலும், தட்சசீலத்திலும், வெற்றிச் செய்தி கேட்டு மகிழ்ந்தவர்கள். ஆதலின் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சொல் வென்றவர் ஊர்களில் பொறிக்கப்பட்டது. தோற்றவர்க்கு உடனே வேண்டியது நள்ளிரவில் கதவு தட்டப்படும் என்ற அச்சமின்றி உறங்குவது. ஆதலின் காரணமின்றிச் சிறைப்படுத்தலாகாது என்ற ஆணை அவர்கள் ஊர்களில் பொறிக்கப்பட்டது. வென்றவன் உண்மையைக் கேட்க வேண்டும். தோற்றவன் நீதியைப் பெற வேண்டும். அசோகர் இவ்வேற்பாட்டை நினைந்தே செய்தாரோ, அன்றோ, கற்கள் இன்று நமக்குக் கற்பிப்பது இதுவே.

பஞ்சாலையில் உழைத்த நாம் ஒன்று அறிவோம். அறுந்த இழையைப் பேசி ஒட்ட முடியாது. ஒவ்வொன்றையும் விரலால் பிடித்து முறுக்கி இணைக்க வேண்டும். சிறிது நேரத்தில் மற்றொன்று அறும். அதையும் இணைக்க வேண்டும். போருக்குப் பிந்தைய பணியும் அத்தகையதே. ஒரு நாள் விழாவால் அது முடிவதன்று. மாதந்தோறும் வாசிக்கவும், ஐந்தாண்டிற்கு ஒருமுறை சென்று பார்க்கவும் அசோகர் விதித்ததன் பொருள் இதுவாகும்.

கருணை காரியமாயிற்று

தம் மனமாற்றத்தை அவர் ஆட்சி முறையாகவே மாற்றினார். முடிசூடிய பத்தாம் ஆண்டில் சம்போதிக்கு, அதாவது புத்தகயைக்கு, யாத்திரை சென்றார். வேட்டைப் பயணங்களை நிறுத்தி, நாட்டுப்புற மக்களைச் சந்தித்து அறம் பேசும் தர்ம யாத்திரைகளை ஏற்படுத்தினார். தாம் உண்ணும்பொழுதும், அந்தப்புரத்தில் இருக்கும்பொழுதும் கூட மக்கள் காரியத்தைத் தமக்கு அறிவிக்கலாம் என்று ஆணையிட்டார். பதின்மூன்று ஆண்டுகள் ஆனபின் தர்ம மகாமாத்திரர் என்னும் புதிய அதிகாரிகளை நியமித்தார். சிறைப்பட்டோருக்கு உதவுவதும், அவர்களுள் பிள்ளைகுட்டி உடையோர், முதியோர் ஆகியோரின் விடுதலைக்கு ஆவன செய்வதும் அவர்கள் கடமைகளுள் அடங்கும்.

மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம் ஏற்படுத்தினார். மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களில் கொணர்ந்து நடுவித்தார். வழிகளில் கிணறு தோண்டி மரம் வைத்தார். இவ்வறம் அவர் ஆட்சிக்குள் மட்டும் நிற்கவில்லை. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் தாமிரபரணி வரையிலும் என்று நம் தமிழ் நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் புரியாதிருந்தது. 1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட பழந்தமிழ்க் கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அப்பட்டம் வழங்கப்பட்டிருத்தலால் ஐயம் நீங்கிற்று. கலிங்கத்தை வாளால் வென்றவர், தெற்கே இருந்த தமிழ் நாடுகளுக்கு மூலிகையும் மருத்துவமும் அனுப்பினார். இதனையே அவர் தர்ம விஜயம் என்றார்.

தம் சமயத்தை உயர்த்திப் பிறர் சமயத்தை இழிப்பவன் தன் சமயத்துக்கே தீங்கு செய்கின்றான் என்ற கருத்தைப் பன்னிரண்டாம் கல்வெட்டில் அமைத்தார். பௌத்தராயிருந்தும் பிராமணர்க்கும் ஆசீவகர்க்கும் கொடை அளித்தார். இதனை நாம் மறத்தலாகாது.

மொக்கலிபுத்த திஸ்ஸ தேரர் தலைமையில் பாடலிபுத்திரத்தில் சங்கம் கூடியபின், பல திசைகளுக்கும் தேரர்கள் அனுப்பப்பட்டனர் என்று இலங்கை நூல்கள் கூறும். மகாதேவ தேரர் மகிஷ மண்டலத்திற்கும், ரக்கித தேரர் வனவாசிக்கும் வந்தனர். மகிஷ மண்டலம் நம் மைசூர்ப் பகுதியே என்று கொள்வாரும், நருமதைக் கரையது என்பாரும் உளர். வனவாசி கன்னட நாட்டு வடபகுதியிலுள்ள பனவாசியே. மகிந்தரும் சங்கமித்திரையும் இலங்கைக்குச் சென்றனர். போதி மரத்தின் கிளை அனுராதபுரத்தில் நடப்பட்டது.

கன்னட நாடு அசோகருக்கு எவ்வளவு அண்மையது என்பதற்கு மேலும் சான்றுகள் உண்டு. கல்புர்கி மாவட்டத்துச் சன்னதி என்னும் ஊரில், சந்திரலாம்பா கோயில் வளாகத்தின் காளி சன்னிதியில் பீடமாய்க் கிடந்த கல்லொன்றில் அவருடைய கல்வெட்டுகள் 1989-இல் கண்டறியப்பட்டன. கலிங்கத்திற்கு எழுதிய அவ்விரு தனிக் கல்வெட்டுகளும் அதில் இருத்தல் வியப்புக்குரியது. மக்கள் அனைவரும் தம் குழந்தைகள் என்ற ஆணை நம் மாநிலத்து மண்ணிலும் வாசிக்கப்பட்டது என்பது இதனால் துணிபு. அருகேயுள்ள கனகனஹள்ளி ஸ்தூபத்தில் அசோகரின் பெயர் பொறித்த சிற்பமும் கிடைத்திருக்கின்றது.

குறைகளையும் கூறுவோம்

உபாசகர் உண்மையைக் குறைத்துச் சொல்லலாகாது. அசோகர் கலிங்கத்தை அதன் மக்களிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. பெயர்த்துச் செல்லப்பட்ட 1,50,000 பேர் தம் ஊர் திரும்பினர் என்று எக்கல்வெட்டும் கூறவில்லை. வருத்தம் தெரிவிக்கும் அதே பதின்மூன்றாம் கல்வெட்டிலேயே, காட்டு மக்களை நோக்கி, தாம் வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தமக்கு உண்டு என்று எச்சரிக்கின்றார். மரண தண்டனையையும் அவர் ஒழிக்கவில்லை. தண்டனை பெற்றோருக்கு மூன்று நாள் தவணை அளித்ததோடு நின்றார்.

கலிங்கமும் எளிதில் மறக்கவில்லை. பின்னாளில் அந்நாட்டை ஆண்ட காரவேலன், உதயகிரிக் குகைக் கல்வெட்டில், மகதத்தின் மேல் படையெடுத்ததையும், முன்னாளில் நந்த மன்னன் கைக்கொண்ட கலிங்கத்துச் சமணத் திருவுருவை மீட்டதையும் பெருமையுடன் எழுதுவித்தான். பறித்தது திரும்பக் கொடுக்கப்படாத வரையில் நினைவு தலைமுறைகளைக் கடந்து நிற்கும் என்பதற்கு அது சான்று.

எனவே முதற் கேள்விக்கு நம் விடை இது: அசோகரை நாம் குற்றமற்றவர் என்று போற்றவில்லை. குற்றத்தை எண்ணிக்கையுடன் ஒப்புக்கொண்டு, மீதி வாழ்நாளை அதற்கு எதிரான வழியில் செலவிட்டவர் என்றே போற்றுகின்றோம். அங்குலிமாலரை ஏற்ற தர்மம் இது.

இறுதியும் மறுபிறப்பும்

முப்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டு, கி.மு. 232-ஆம் ஆண்டளவில் அசோகர் மறைந்தார். இறுதிக் காலத்தில் அமைச்சர்கள் அவர் கொடைகளைத் தடுத்தனர் என்றும், கையில் எஞ்சிய பாதி நெல்லிக்கனியையும் சங்கத்திற்கு அளித்தார் என்றும் வடநாட்டு மரபு கூறும். பின்னர் அவர் எழுத்தை வாசிப்பார் இல்லாது போயினர். 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் அவ்வெழுத்தைப் படித்தறிந்தார். கல்வெட்டில் வரும் அரசர் அசோகரே என்பதை ஐயமற நிலைநாட்டியது, 1915-இல் நம் ராய்ச்சூர் மாவட்டத்து மஸ்கியில் சுரங்கப் பொறியாளர் ஒருவர் கண்ட, அசோகர் என்ற பெயர் தாங்கிய கல்வெட்டு.

பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவ, அதன் கிளைகள் கோலார் தங்க வயலிலும் பெங்களூரிலும் தழைத்தன. 1947-இல் அசோகரின் சக்கரம் தேசக் கொடியில் ஏறியது. 1950-இல் சாரநாத்துச் சிங்கத் தூண் தேசச் சின்னமாயிற்று. பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-ஆம் நாள், அசோக விஜயதசமி அன்று, நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் தர்மம் ஏற்றார். நூற்றாண்டுகளாய்ப் புண்பட்ட மக்கள் தம் காயம் ஆற்ற நாடியதும் அதே தர்மமே.

இலங்கையும் நம் கடமையும்

இனி இரண்டாவது கேள்வி. இலங்கை உள்நாட்டு யுத்தம் 1983 முதல் 2009 மே மாதம் வரை நீடித்தது. இறுதி மாதங்களில் மட்டும் 40,000 வரை பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் அமைத்த நிபுணர் குழு 2011-இல் தெரிவித்தது. நாம் ஒருபுறம் மட்டும் பேசலாகாது. 1985-இல் அனுராதபுரத்தில் போதி மரத்தடியில் வழிபட வந்தோரையும் கொன்றனர். 1990-இல் வடக்கினின்றும் முஸ்லிம்கள் ஆயுதமுனையில் வெளியேற்றப்பட்டனர். இத்துயரங்களும் துயரங்களே.

ஆயினும் போருக்குப் பின் நிகழ்ந்ததை அசோகரின் கற்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அசோகர் வெற்றிச் சின்னம் எதனையும் கலிங்கத்தில் நாட்டவில்லை. இலங்கையிலோ தோற்றவர் வாழும் வடக்கிலேயே வெற்றிச் சின்னங்கள் எழுந்தன. மாண்டவர் கல்லறைகள் இடிக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் 2021 ஜனவரியில் இடிக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் மீண்டும் கட்டப்பட்டது. காணாமற்போன மக்களைத் தேடும் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கினர். பெயர்களும் எண்ணிக்கையும் கேட்டு அவர்கள் தெருவில் அமர்ந்தனர். மாண்டோரை எண்ணிச் சொல்வது வென்றவன் கடமை என்று கல்லில் எழுதிய மன்னரின் மகனும் மகளும் கொணர்ந்த தர்மம் வழங்கும் தீவில் இது நிகழ்ந்தது.

ஆகவே பௌத்தக் கொடியைப் பிடித்தவர் செய்ததனால் தர்மம் குற்றவாளி ஆகாது. அவர்களை அளக்கும் கோல் தர்மத்திடமே இருக்கின்றது. தமிழ்ப் பௌத்தராகிய நாம் அக்கோலைக் கையில் ஏந்தத் தகுதியுடையோம். சிங்களச் சகோதரரை வெறுக்காமலும், அவர்கள் முன் உண்மையை மறைக்காமலும் அசோகரின் பதின்மூன்றாம் கல்வெட்டை அவர்களுக்கு நினைவூட்டுதல் நம்மால் இயலும்.

நமக்கு அரசு இல்லை. பாறையில் ஆணை பொறிக்கும் வலிமையும் இல்லை. எனினும் துயருற்றோர் நம் தெருவிலும் உண்டு. அகதியாய் வந்தோர், சாதிக் கலவரத்தில் வீடிழந்தோர், பிள்ளையைப் பறிகொடுத்தோர் ஆகியோரிடம் சென்று, போதனையை முன்வைக்காமல் அவர்கள் சொல்வதைக் கேட்போம். மாண்டோர் பெயரை நம் பௌர்ணமி வந்தனையில் வாசிப்போம். காவல் நிலையத்திற்கோ நீதிமன்றத்திற்கோ அவர்கள் செல்ல வேண்டின் துணை செல்வோம். ஒரு முறை சென்று நின்றுவிடாது, பூச நாள்தோறும் வாசிக்கப்பட்ட அவ்வாணையைப் போல், மாதந்தோறும் செல்வோம். கேட்பவன் ஒருவனே ஆயினும் வாசிக்கலாம் என்றார் சக்கரவர்த்தி; துயருற்றவர் ஒருவரே ஆயினும் நாம் செல்வோம்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க. நமோ புத்தாய.